கடைசலும் சாணையும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பழைய மாணவர் பலரும் எழுதுமாறு பள்ளிக்கால நினைவுகளையே எழுதலாமோ என முதலில் எண்ணினேன். ஆயினும், நாற்பதாண்டுகளாக உலோகத்தைக் கடைவித்தும் தேய்ப்பித்தும் அளந்தும் வாழ்ந்த ஒருவன், தானறிந்த தொழிலைப் பற்றிச் சொல்லுதலே தகும் எனத் துணிந்தேன். இன்று விஞ்ஞான, தொழினுட்பப் பிரிவுகளிற் பயிலும் மாணவருட் சிலர் நாளை பொறியியற்றுறை புகுவர். அவர்களுக்கு இது சிறிதாயினும் பயன்படுமாயின் மகிழ்வேன்.

உலோகத்தை நுட்பமாக வெட்டியெடுக்கும் கலை நெடிய வரலாறுடையது. ஜேம்ஸ் வாற் கண்ட நீராவி யந்திரம் ஆண்டுகள் பல பயன்தராது கிடந்தமைக்கு ஒரு காரணம், ஆவி கசியாதவாறு உருளையைக் கடைய அக்காலத்தார் அறியாமையே. 1775 இல் ஜோன் வில்கின்சன் அமைத்த துளைகடையும் பொறி அக்குறையை நீக்கிற்று. 50 அங்குல விட்டமுள்ள உருளையில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்பளவு பிழைதானும் இல்லையென வாற்றின் பங்காளியாகிய மத்தியூ போல்ற்றன் வியந்தார். 1952 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் யந்திரம் முதன்முறை காட்டப்பட்டது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி பெற்றது. அதுவே இன்று சீ.என்.சீ. என மூன்றெழுத்தால் வழங்குவது. ஷில்லிங்கின் தடிப்பு எங்கே, மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறாகிய மைக்கிரோன் எங்கே!

ஆயினும், எவ்வாறு வெட்டுவதென்பதைக் கணினி அறியுமேயன்றி, எதனால் வெட்டுவதென்பதை அறியாது. அதனைத் தேர்தல் மனிதன் கடன். கடைசற்பொறியில் வேலைப்பொருள் சுழல, உளி அதன் நீளத்தே மெல்ல நகரும். உருண்டை வடிவங்களுக்கு அதுவே ஏற்றது. மில்லிங் யந்திரத்திற் கருவி சுழலும். தட்டை முகங்களும் குழிகளும் தவாளிப்புக்களும் அதனால் அமையும். சாணை யந்திரம் கல்லினால் தேய்த்து, வன்மையூட்டிய உருக்கையும் செவ்விய அளவுக்குக் கொணரும். மின் தீப்பொறியால் அரித்தெடுக்கும் முறை, 1943 இல் சோவியத் நாட்டு லசரெங்கோ தம்பதியர் கண்டது. மெல்லிய கம்பியொன்றினால், எத்துணை வலிய உருக்கிலும் குறுகிய இடுக்குகளை வெட்டவல்லது. இவற்றுள் ஒவ்வொன்றும் உலோகத்தின்மீது தன் கையெழுத்தை விட்டே செல்கின்றது. அக்கையெழுத்தை வாசிக்க அறியாதவன், அளவு சரியாயிருப்பவும் இடர்ப்படுவான். இதற்கு நான் கண்ட நிகழ்ச்சியொன்றைக் கூறுவேன்.

2003 ஆம் ஆண்டளவில் இரத்மலானையிலுள்ள ஒரு பட்டறையிற் பரிசோதகனாகக் கடமையாற்றினேன். தேயிலைத் தொழிற்சாலை யந்திரங்களுக்குரிய பற்சில்லுப் பெட்டிகள் ஆங்கு செய்யப்பட்டன. பெட்டியினின்று வெளிவரும் தண்டைச் சுற்றி, ஒயில் சீல் எனப்படும் இறப்பர் வளையம் எண்ணெயைத் தடுத்து நிற்கும். அவ்வளையம் உராயும் இடம் முன்னர்ச் சாணையில் தேய்க்கப்பட்டு வந்தது. புதிய சீ.என்.சீ. கடைசற்பொறி வந்ததும், வன்மையூட்டிய உருக்கையும் அது கடையவல்லதாதலின், சாணை வேலை வீண்செலவென நிருவாகத்தார் நிறுத்திவிட்டனர்.

சில வாரங்களில் மலைநாட்டிலிருந்து முறைப்பாடுகள் வந்தன. பெட்டிகள் எண்ணெய் கசிந்தன. கொழுந்தின்மேல் ஒரு துளி எண்ணெய் வீழ்ந்தாலும் அத்தேயிலை பழுதாகும் என்பதை நான் கூறவேண்டியதில்லை. பழி முழுவதும் பொறியை இயக்கிய இளைஞர்மீது சுமத்தப்பட்டது. கவனக்குறைவு என்று காரணங்காட்டி வேலைநீக்கக் கடிதமும் எழுதப்பட்டாயிற்று. அவர் என்னிடம் வந்து, “சேர், மூன்று முறை அளந்துதான் அனுப்பினேன், அளவு பிழைக்கவில்லை” என்றார். அவர் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருந்தது.

எஞ்சிய தண்டுகளை எடுத்து அளந்தேன். விட்டம் எல்லைக்குள் இருந்தது. மேற்பரப்பின் கரடும், ஒயில் சீலுக்கு வேண்டிய 0.2 முதல் 0.8 மைக்கிரோன் என்னும் எல்லைக்குள்ளேயே இருந்தது. இளைஞர் கூறியது மெய்யே. எனின் எண்ணெய் எவ்வாறு கசிந்தது? முறைப்பாடுகளை மீண்டும் வாசித்தபோது ஒன்று புலனாயிற்று. ஒரே தண்டு, வலமாகச் சுழலும் பெட்டிகளுக்கும் இடமாகச் சுழலும் பெட்டிகளுக்கும் பொருத்தப்பட்டிருந்தது. கசிந்தவை யாவும் ஒரு திசையிற் சுழல்வன; மறுதிசையிற் சுழல்வனவற்றுள் ஒன்றேனும் கசியவில்லை.

பின்னர்ச் செய்த சோதனை எளியது. தண்டைக் கிடையாக நிறுத்தி, மெல்லெனச் சிறிது எண்ணெய் பூசி, நுனியிற் சிறு எடை கட்டிய நூலொன்றை அதன்மேற் சுற்றித் தொங்கவிட்டு, தண்டை மெதுவாகச் சுழற்றினோம். நூல் ஒரு பக்கமாக ஊர்ந்தது. எதிர்த்திசையிற் சுழற்றினோம், நூலும் எதிர்ப்பக்கம் ஊர்ந்தது. உளி நகர்ந்த வழி, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய திருகாணிப் புரியாகத் தண்டைச் சுற்றிப் பதிந்திருந்தமையே காரணம். அப்புரி ஒரு திசையில் எண்ணெயை உள்ளே தள்ளிற்று. மறுதிசையில் வெளியே இறைத்தது. சாணைக்கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாது நேரே உட்செலுத்தித் தேய்த்த பழைய தண்டொன்றில் அதே நூல் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

நூலைக் கண்ணாற் கண்ட நிருவாகத்தார் மறுவார்த்தை பேசவில்லை. கடிதம் கிழிக்கப்பட்டது. அன்று முதல் அவ்வொரு விரற்கடை அகலமான இடம் மட்டும் மீண்டும் சாணைக்குச் சென்றது, கசிவும் நின்றது. ஆளையும் கருவியையும் ஆராய்ந்து வினையை ஒப்படைத்தல் வேண்டுமென, தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தனர். கருவியை ஆராயாதார் ஆளைப் பழித்தல் எளிது என்பதை அன்று கண்டேன்.

இதனால் கடைசற்பொறி தாழ்ந்ததென்றோ சாணை உயர்ந்ததென்றோ கொள்ளற்க. அத்தண்டையே பாருங்கள். வெளியே வாளா நிற்கும் பகுதிக்குக் கடைசல் போதும்; அதனைச் சாணையிலேற்றுவது பணத்தைத் தேய்ப்பதாகும். சாவி அமரும் தவாளிப்புக்கு மில்லிங் வேண்டும். பெயாரிங் இறுகியமரும் இடத்தில், 50 மில்லிமீற்றர்த் தண்டு 0.002 முதல் 0.018 மில்லிமீற்றர் வரையே பெருத்திருக்கலாம். அந்தப் 16 மைக்கிரோன் எல்லையை நல்ல கடைசற்பொறியும் காக்கும், சாணை எளிதிற் காக்கும். ஓரச்சில் அமையவேண்டிய முகங்களை, பொருளைக் கழற்றாது ஒரே பிடிப்பிற் கடைந்துவிடுதல் நன்று. கழற்றிப் பிடிக்குந்தோறும் மையம் சிறிது விலகும். மில்லிங் செய்த குழியின் உள்மூலைகள் கருவியின் ஆரையளவுக்கு வளைந்தே நிற்கும். வன்மையூட்டிய அச்சுத்தகட்டில் கூரிய மூலை வேண்டுமாயின் மின் தீப்பொறி முறையை நாடுக. அதுவும் உருகி உறைந்த மெல்லிய தோலொன்றை விட்டுச்செல்லுமாதலின், ஓயாது விசை தாங்கும் உறுப்பாயின் அத்தோலை நீக்குதல் வேண்டும்.

நம் நாட்டவர் மறத்தலாகாதது இன்னொன்றுண்டு. அளவுகள் யாவும் 20 பாகை செல்சியசுக்கு உரியன. 30 பாகையில் வேகும் கொழும்புப் பட்டறையில் 100 மில்லிமீற்றர் உருக்கு ஏறக்குறைய 12 மைக்கிரோன் நீண்டிருக்கும். அலுமினியம் அதனினும் இருமடங்கு நீளும். பொருள் வெட்டிய சூட்டோடு அளப்பவன் பொருளையன்றி வெப்பத்தையே அளக்கின்றான்.

மாணவச் செல்வங்காள், விலையுயர்ந்த யந்திரத்தைக் கண்டு மயங்கற்க. வரைபடமொன்று கைக்கு வந்தால், எத்தனை மைக்கிரோன் என்று கேட்குமுன், இந்த முகம் என்ன தொழில் செய்யப்போகின்றது, எதனோடு உராயும், எப்பக்கம் சுழலும் என்று கேளுங்கள். விடை வந்தால், முறை தானே வரும். காரணத்தைத் தேடுமுன் ஆளைக் குற்றஞ்சாட்டற்க. கேள்வி கேட்பதைக் குறையாகக் கொள்ளாது, காரணங் காணுமளவும் எம்மை விடாத ஆசிரியர்களை இக்கல்லூரி எமக்குத் தந்தது. அவ்வழக்கம் இன்றுள்ள வகுப்பறைகளிலும் நிலைப்பதாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.