செவிகொடுத்தலும் ஒரு தொழிலே

இழந்த உறுப்பின் காயத்தை மருத்துவம் ஆற்றிவிடும். காயம் ஆறியபின் அம்மனிதன் எவ்வாறு வாழ்வது என்னும் வினாவோ எஞ்சி நிற்கும். அவ்வினாவிலிருந்து பிறந்ததே புனர்வாழ்வு உளவளத்துணை. முதலாம் உலகப் போரில் ஊனமுற்று மீண்ட வீரர்களின் பொருட்டு 1918ஆம் ஆண்டிலும், பொதுமக்களின் பொருட்டு 1920ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டங்கள் இத்தொழிலுக்கு வித்திட்டன.

கிழக்கிலங்கைக் கரைக்கு இதன் தேவையை உணர்த்தியது 2004 டிசம்பர் 26ஆம் நாள். அன்றைய ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தோர் 10,000 பேருக்கு மேற்பட்டனர். கல்முனைக்குடியும் அதன் அயலூர்களும் அவ்வழிவின் நடுவே நின்றன. வீடுகள் மீண்டும் எழுந்தன. உள்ளங்கள் எழுவதற்கோ காலம் வேண்டியிருந்தது.

பட்டம் பெற்று இவ்வூரில் இத்தொழிலைத் தொடங்கும் ஓர் இளம் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அறிவுரையைக் குறைத்துச் செவிகொடுத்தலைப் பெருக்குக என்பது 1942இல் காள் றொஜர்ஸ் எழுதிய நூல் முதலாக அவள் கற்ற பாடம். ஊரோ துயருற்றோரைக் கண்டதும் “ஸப்ர் செய்யுங்கள்” என்று ஆறுதல் கூறும். அச்சொல்லின் வலிமையை அவள் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும், அழுது தீராதவரிடம் பொறுமையை முந்திக் கூறின், அது வாயை அடைத்துவிடும். கேட்டபின் கூறுவதே ஆறுதலாகும்.

கால் இழந்த கரைவலைத் தொழிலாளி ஒருவன் அவளிடம் வருகின்றான் எனக் கொள்வோம். இப்பகுதி வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. மணமகன் அங்கே சென்று வாழ்பவன். உழைக்கும் வரை அவ்வீட்டில் அவன் மதிப்பு குறைவதில்லை. உழைப்பு நின்றதும், மனைவியின் வீட்டில் உண்ணும் ஒவ்வொரு பிடி சோறும் அவனுக்குக் கூசுகின்றது. யாரும் ஒரு சொல்லும் கூறாதிருக்கலாம்; அம்மௌனமே அவனை வருத்தும். செயற்கைக் கால் மட்டும் இந்நோய்க்கு மருந்தாகாது. வலை பின்னவும் மீன் விற்ற கணக்கைப் பார்க்கவும் அவன் கைகள் இன்னும் வல்லன என்பதை அவனே கண்டுகொள்ளச் செய்வதே அவள் பணி.

கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் பெண்ணிடம் ஆண் உளவளத்துணையாளன் செல்வது எளிதன்று; அங்கே இவள் செல்ல முடியும். எனினும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் நெருங்கிய உறவுமுறையும் உள்ள ஊரில், துணை நாடி வருபவர் மாமியாகவும் மச்சியாகவும் இருப்பர். கேட்டதை வெளியிடாமையே இங்கு முதல் அறம். ஒருமுறை வெளியான இரகசியம், பின்னர் வரவிருந்த பலரின் கதவை மூடிவிடும்.

இரக்கம் மட்டும் இத்தொழிலுக்குப் போதாது. சட்ட அறிவும் வேண்டும். அரச பணி வெற்றிடங்களில் 3 வீதத்தை ஊனமுற்றோருக்கு ஒதுக்கக் கூறும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும், அவர்தம் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் ஏட்டளவில் நின்றுவிடாது, ஒருவனுடைய விண்ணப்பமாக மாற வேண்டும்.

உளவியலும் சமூகவியலும் கற்கும் மாணவர் இத்தொழிலைச் சிறிதென எண்ணுதல் தகாது. துயருற்றோர் தம்மைச் சார்ந்தே என்றும் வாழுமாறு செய்வது துணையாகாது. தம்மிடம் வந்தவர் தாமே நடந்து செல்லும் நாளை எதிர்நோக்கி உழைப்பதிலேயே இத்தொழிலின் பெருமை அடங்கியுள்ளது.