காகமும் பனம்பழமும்

பனையின் உச்சியிற் காகம் ஒன்று வந்து குந்துகிறது. அதே கணத்திற் பழுத்த பழமொன்று காம்பு கழன்று விழுகிறது. கண்டவன், காகந்தான் பழத்தை வீழ்த்தியது என்கிறான். பழம் முற்றிக் கனிந்ததையோ காம்பு தளர்ந்ததையோ அவன் எண்ணுவதில்லை. அவன் கண்ணிற் பட்டது காகமே. தருக்க நூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு இந்நியாயத்தை விளக்கி வந்த நாம், எமது வீட்டுக் கணினியின் முன்னே அமர்ந்தபோது அதனை அடியோடு மறந்து, நிரபராதி ஒருவனைக் குற்றவாளியாக்கினோம். அக்கதையை ஒளியாமற் சொல்லிவிடுவதே அதற்குத் தக்க கழுவாய் என்று எண்ணுகிறோம்.

எமது கல்லூரியின் ஆண்டு மலரைப் பக்கம் அமைத்து அச்சகத்துக்கு அனுப்பும் பொறுப்பு நெடுங்காலமாக எம்மிடம் இருந்து வருகிறது. அப்பிள் நிறுவனத்தின் மக் கணினிகளில் தமிழ் எழுத்து அழகாக அமையும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி முதலிய எழுத்துருக்கள் அக்கணினிகளுடனேயே வருகின்றன. ஆனால், அக்கணினிகளின் விலையோ ஆசிரியத் தொழில் புரிவோர் கேட்டு வியப்பதற்கு மட்டும் உரியது. எமது ஏக்கத்தை அறிந்த பழைய மாணாக்கன் ஒருவன் 2020-ஆம் ஆண்டில், “சேர், நான் ஒன்று கட்டித் தாறன்” என்று முன்வந்தான். பழைய தாய்ப்பலகை ஒன்று, இன்ரெல் செயலி ஒன்று, அங்குமிங்கும் சேர்த்த உறுப்புகள் சில. இவற்றைக் கொண்டு ஒரு பெட்டியை அமைத்து, அதில் மக் இயங்குதளத்தை ஓடவைத்தான். இத்தகைய கணினிக்கு ‘ஹக்கின்ரோஷ்’ என்று பெயர்.

அப்பிள் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு முதல் இன்ரெல் செயலிகளைத் தன் கணினிகளிற் பொருத்தத் தொடங்கியமையாலேயே இது சாத்தியமாயிற்று. அகத்தே ஒரே செயலி இருக்கையில், புறத்தே உள்ள பெட்டி எதுவானால் என்ன என்று ஆர்வலர் எண்ணினர். எனினும், தன் பெயர் பொறித்த கணினிகளிலன்றிப் பிறவற்றில் அவ்வியங்குதளத்தை நிறுவுவதற்கு அந்நிறுவனத்தின் உரிம ஒப்பந்தம் இடங்கொடுப்பதில்லை. இத்தகைய பெட்டிகளை விற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்றின்மீது 2008-இல் அப்பிள் வழக்குத் தொடுத்து, 2009-இல் வெற்றியும் பெற்றது. நாம் விற்றவரல்லர், ஆயினும் நாம் செய்தது நெறியின் நேர்க்கோட்டில் நின்றது என்று வாதிக்கப் போவதில்லை. மாணாக்கருக்குப் பாடம் சொல்லும் வாயால் அங்ஙனம் சொல்லுதல் தகாது.

இனி, இப்பெட்டி விழித்தெழும் முறையைச் சிறிது கூற வேண்டும். கூறாவிடின் எமது தவறு விளங்காது. ஆளியை அழுத்தியதும் முதலில் எழுவது தாய்ப்பலகையில் உறையும் பயோஸ். அது உறுப்புகளையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, வட்டில் உள்ள ‘ஓப்பன்கோர்’ என்னும் தொடக்க நிரலை அழைக்கும். 2019-இல் வெளிவந்த இந்நிரல் ஒரு துபாஷி போன்றது. பெட்டி அப்பிளுடையதன்று என்பதை இயங்குதளம் உணராவண்ணம் இடையில் நின்று, இரு பகுதியாரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளச் செய்யும். அதன் பின்னரே இயங்குதளத்தின் கரு எழுந்து பொறுப்பை ஏற்கும். துபாஷிக்குரிய கட்டளைகள் யாவும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு வரி பிழைத்தாலும் பெட்டி பாதி வழியில் நின்றுவிடும்.

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. அம்மாணாக்கன் எமது வீட்டுக்கு வந்து, ஓப்பன்கோரைப் புதுப்பித்து, யூ.எஸ்.பி. வாயில்களையும் ஒழுங்கு செய்துவிட்டுச் சென்றான். அவ்வியங்குதளம் ஒரு கட்டுப்பாட்டகத்தின் கீழ்ப் பதினைந்து வாயில்களுக்கு மேல் ஏற்காது. ஆதலால் வேண்டியவற்றைத் தெரிந்து குறித்துக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பெட்டி செவ்வனே ஓடியது. திங்கட்கிழமை மாலை ஆளியை அழுத்தினோம். அப்பிள் சின்னம் தோன்றியது. கோடு பாதிவரை நகர்ந்தது. பின்னர், குறுக்கே கோடிட்ட வட்டம் ஒன்று வந்து நின்றது. ‘இனிச் செல்லாதே’ என்று தெருவோரத்தில் நிறுத்தும் பலகையைப் போன்ற குறி அது. நூற்றெண்பது பக்கங்களில் அமைந்த மலர் அந்த வட்டுக்குள்ளே இருந்தது. விடைத்தாள்களைப் பத்திரப்படுத்துமாறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஓதும் நாம், அம்மலருக்கு ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை.

எமது மனம் உடனே காகத்தைக் கண்டுவிட்டது. தொலைபேசியை எடுத்தோம்.

“தம்பி, ஒழுங்காய் ஓடின பெட்டியை ஏன் தொட்டனீர்? மலர் முழுக்க அதுக்குள்ளை கிடக்கு!”

“சேர், நான் செய்துபோட்டு மூன்றுதரம் நிப்பாட்டி எழுப்பிப் பார்த்துத்தான் போனனான்...” என்றான். சிறிது மௌனம். “சரி சேர், நாளைக்கு வந்து பாக்கிறன்.”

அக்காலம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் நிலையங்களின் முன்னே வரிசைகள் நீண்டு கிடந்தன. அவன் பத்துக் கட்டைத் தூரம் சைக்கிள் மிதித்து, பங்குனி வெயிலில் வியர்த்து வந்து சேர்ந்தான். வந்தவன் தண்ணீர்கூடக் கேளாமல், தான் மாற்றிய யாவற்றையும் நீக்கி, முன்னிருந்த பழைய கோப்புகளை மீட்டு வைத்தான். அதே வட்டம் மீண்டும் தோன்றியது. பின்னர், நடப்பவற்றையெல்லாம் எழுத்தில் காட்டுமாறு கட்டளையிட்டு எழுப்பினான். திரையில் வரிகள் ஓடி, ‘மூல வட்டுக்காக இன்னும் காத்திருக்கிறேன்’ என்னும் பொருள்படும் ஒரே வரியில் வந்து நின்றன.

பழைய நிலைக்கு மீட்ட பின்னும் நோய் நீங்காதாயின், புதிதாகச் செய்தது நோய்க்குக் காரணம் அன்று. எழுவாயும் பயனிலையும் போல இது தெளிவான நியாயம். ஆனால், கோபம் கொண்டவனுக்கு இலக்கணம் ஏது? “அப்படியெண்டால் வட்டைத்தான் பழுதாக்கிப்போட்டீர்” என்றோம். அவன் மறுமொழி கூறவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வட்டு உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பயோஸினுள்ளே நுழைந்தான்.

அவ்வேளையில் எமது இல்லாள் தேநீர் கொண்டுவந்தார். பால்மா கிடையாத காலமாதலால் அது வெறுந்தேநீர். திரையை ஒருமுறை நோக்கியவர், “இஞ்சை 2018-ஆம் ஆண்டு எண்டெல்லோ கிடக்கு. எங்கட சுவர் மணிக்கூடும் பற்றறி இறங்கினால் இப்படித்தானே பிழையாய்க் காட்டும்?” என்று கூறிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

மாணாக்கன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த சில நிமிடங்களில் யாவும் வெளியாயின. தாய்ப்பலகையிலே ஒரு ரூபாய்க் குற்றிபோல் வட்டமான மின்கலம் ஒன்று உண்டு. இருபது மில்லிமீற்றர் விட்டமும் மூன்று வோல்ற்று வலுவும் உடைய அது, சி.ஆர். 2032 என்ற பெயரினது. பெட்டிக்கு மின்சாரம் இல்லாத வேளையில் மணிக்கூட்டை ஓடவைப்பதும் பயோஸின் தெரிவுகளைக் காப்பதும் அதன் கடமை. சுவர் ஆளியை நாம் அணைப்பதில்லை. ஆதலால் முன்னாளில் அக்கலத்துக்கு வேலையே இருக்கவில்லை. அது மெல்ல இறந்துகொண்டிருந்ததை எவரும் அறிந்திலேம். அரை மணிநேரத் தடைகளை அது ஒருவாறு தாங்கியிருக்க வேண்டும். அம்மார்ச்சு மாதத்திலோ மின்வெட்டுகள் நீண்டு நீண்டு, மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை சென்றன. திங்கட்கிழமை நிகழ்ந்த நெடுந்தடையில் கலம் கைவிட்டது. பயோஸ் தன் நினைவை இழந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பிவிட்டது.

அந்நிலையில் எமது பலகை வட்டுகளை ‘றெயிட்’ என்னும் முறையிற் காட்டும். மக் இயங்குதளம் அறிந்ததோ ‘ஏ.எச்.சி.ஐ.’ என்னும் முறை. தொடக்கக் கட்டங்களில் வட்டைப் படித்துக் கொடுப்பது பயோஸ் ஆதலால் அப்பிள் சின்னம் வரையில் யாவும் நலமே நடந்தன. கரு எழுந்து தன் கண்ணால் வட்டைத் தேடத் தொடங்கியதும், எதிரே இருந்த வட்டு அதற்குத் தெரியவில்லை. வட்டுக்கு யாதொரு பழுதும் இல்லை. அவன் தெரிவை மாற்றிப் பெட்டியை எழுப்பினான். நூற்றெண்பது பக்கங்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. முதல் வேலையாக அவற்றைப் பிரதி எடுத்தோம்.

நாம் அத்துடன் தீர்ப்பு எழுதியிருப்போம். அவனோ, “இன்னும் உறுதியில்லை சேர். அடுத்த முறை கனநேரம் கரண்ட் நிண்டாப் பிறகும் இப்படி வந்தால்தான் பற்றறி எண்டு சொல்லலாம்” என்றான். மறுநாள் மின்சாரம் போய் வந்தது, வட்டமும் வந்தது. கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து மானி ஒன்றை இரவல் வாங்கிக் கலத்தை அளந்தோம். மூன்று வோல்ற்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லை. மணிக்கூடு திருத்துபவரின் கடையிற் புதிய கலம் ஒன்றை வாங்கிப் பொருத்தியதும் நோய் தீர்ந்தது. அன்று தொட்டு அவ்வட்டத்தை நாம் கண்டதில்லை.

பெட்டியின் நோய் தீர்ந்தது. எமது நோய் எஞ்சியிருந்தது. பிழை செய்த மாணாக்கனை மன்னித்தல் ஆசிரியர்க்கு எளிது. பிழை செய்யாத மாணாக்கனிடம் மன்னிப்புக் கேட்டல் எத்துணை அரிது என்பதை அன்றுதான் அறிந்தோம். அவன் மீண்டும் வந்தபோது, வாயிலிலேயே நின்று, “தம்பி, பிழை என்னுடையது. ஆராயாமல் உம்மிலை பழியைப் போட்டிட்டன்” என்றோம். அவன் பெரிதும் கூச்சமுற்று, “விடுங்கோ சேர்” என்று கூறியவண்ணம் பெட்டியின் அருகே சென்றுவிட்டான். ஆயினும் அன்று அவன் தேநீர் அருந்திவிட்டுத்தான் போனான். முதல் நாள் வைத்த கோப்பை அப்படியே ஆறிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை.

இதனை வாசிக்கும் மாணாக்கர்க்கு இரண்டொரு வார்த்தை. கணினி எழ மறுத்தால், கடைசியாகத் தொட்டவரைத் தேடாதீர்கள். அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் தேடுங்கள். மின்சாரம் வருகிறதா, மணிக்கூடு சரியா, பயோஸின் தெரிவுகள் வைத்தபடி உள்ளனவா, பின்னரே தொடக்க நிரலும் அதன் கட்டளைகளும் என்று எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுங்கள். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று அறிய மாட்டீர்கள். நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு பென்டிரைவில் தொடக்கக் கோப்புகளைப் பிரதி செய்து வையுங்கள். பயோஸின் தெரிவுகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இத்தகைய பெட்டிகளின் காலமும் முடிவை நெருங்குகிறது. அப்பிள் நிறுவனம் 2020 முதல் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறிவிட்டது. 2025-இல் வெளிவந்த மக் ஓ.எஸ். 26-ஏ இன்ரெல் கணினிகளுக்கான இறுதிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது. எமது பெட்டியும் ஒருநாள் பழைய இரும்போடு சேரும். அன்று அதன் உட்புறத்தில் ஒட்டியுள்ள சிறு தாளொன்றை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்வோம். ‘பற்றறி மாற்றியது 2022’ என்று அவன் கையால் எழுதிய அத்தாளின் கீழே, அவன் சென்ற பின்னர் நாம் ஒரு வரி சேர்த்தோம்: ‘காகம் குற்றமற்றது.’