கொடைக்கானல் ஏற்றத்தில் எஞ்சின் திணறினால்

விடுமுறை வந்ததும் பெரியவர்கள், குழந்தைகள் சகிதம் காரில் கொடைக்கானல் புறப்படும் குடும்பங்கள் நம்மில் அநேகம். வத்தலக்குண்டைத் தாண்டி மலைச்சாலை தொடங்கும் இடத்திலிருந்து ஏரிக்கரை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சமவெளியில் ஒளிந்திருந்த வண்டியின் குறைகள் இந்த ஏற்றத்தில்தான் வெளிப்படும்.

ஆயினும், இழுவை குறைவதெல்லாம் பழுதன்று. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிவதால், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் எஞ்சினின் வலு குறையும். டர்போ பொருத்திய வண்டிகளில் இது அவ்வளவாகத் தெரியாது. படிப்படியாக வரும் இக்குறைவு மலையின் இயல்பு. கியரை இறக்கி ஓட்டினால் போதும்.

டம் டம் பாறையில் நின்று, எதிரே 975 அடி உயரத்திலிருந்து விழும் எலிவால் அருவியைக் கண்டுவிட்டு மீண்டும் ஏறுகிறீர்கள். திடீரென வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது, எஞ்சின் அதிர்கிறது, மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது இதைத்தான். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பின்னிருக்கையில் வயதான உம்மா, ஒருபுறம் பள்ளத்தாக்கு, பின்னால் பேருந்தின் ஹாரன். எப்படியாவது மேலே போய்விடலாம் என்றே மனம் சொல்லும். அதைக் கேட்காதீர்கள். எரியாத பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். கோடையில் இம்மலைக் காடுகளில் தீப்பிடிப்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே காய்ந்த புல், சருகு இல்லாத அகன்ற இடம் பார்த்து நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சக்கரத்திற்குக் கல் வைத்தால், புறப்படும்போது அதை மறவாமல் எடுத்துவிடுங்கள். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்றல்லவா!

அம்பாசிடர் காலத்தில் பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதற்கு அது தக்க வைத்தியமே. பற்றாத சிலிண்டருக்கு அது உதவாது. இன்று ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் சிறிய ஸ்கேனர் ஒன்று கைவசம் இருப்பது நலம். அது பி0301, பி0302 என்பதுபோல் ஓர் எண்ணைக் காட்டும். கடைசி இலக்கம் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாடு தெரியாமல் பாகங்களை வரிசையாக மாற்றிப் பணத்தை இழப்பவர் பலர்.

ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியாயின், எஞ்சின் ஆறியபின், சாவியை அணைத்துவிட்டு, பழுதான சிலிண்டரின் காயிலை அடுத்ததோடு மாற்றிப் பொருத்துங்கள். பழைய எண்ணை அழித்து மீண்டும் ஓட்டிப் பார்க்கையில் கோளாறு அடுத்த சிலிண்டருக்கு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக், அதன்பின் இன்ஜெக்டர் என்று பார்க்க வேண்டும். அதிர்வேதும் இன்றி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி ஏற மறுத்தால் பெட்ரோல் பில்டர், பம்ப், ஏர் பில்டர் பக்கம் பாருங்கள்.

ஊர் திரும்பும்போதும் ஒரு சங்கதி உண்டு. இறக்கத்தில் எஞ்சினுக்குச் சுமை இல்லாததால் மிஸ்ஸிங் அடங்கியதுபோல் தோன்றும். வத்தலக்குண்டு வந்து, சமவெளியில் முதல் பாலத்து மேட்டில் ஏறும்போது அது மீண்டும் தலைகாட்டும். மெக்கானிக்கிடம் காட்டாமல் அங்கிருந்து நகராதீர்கள்.