மூன்று தலைமுறையும் ஒரு மலையும்

அலாஸ்காவுக்குக் கப்பலில் போகும் குடும்பங்கள், சிறு விமானம் ஏறிப் பனிமலையைப் பார்க்கலாமா என்று விவாதிப்பார்கள். திருப்பதியில் அந்தப் பேச்சே எழாது. திருமலைமேல் விமானம் பறக்கக்கூடாது என்று கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் ஒன்றிய அரசிடம் கேட்டுவருகிறது.

ஆனாலும் மூன்று தலைமுறை சேர்ந்து கிளம்பினால் வாக்குவாதம் உறுதி. சித்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் பேரனுக்கு மலையேற அலிபிரிப் படிகள்தான் வேண்டும், மொத்தம் 3,550. அப்பாவுக்கு ஸ்ரீவாரி மெட்டு என்ற இன்னொரு நடைவழி. தூரம் குறைவு, ஏற்றம் கடுமை. பாட்டியோ, "எனக்கு பஸ்ஸே போதும்டா, ஜன்னல் சீட்டா பாத்துப் பிடிச்சுக் குடு" என்றார்.

நடைவழியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றது. அதன் பிறகு 15 வயதுக்குட்பட்டவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் படியேற விடவில்லை. நடப்பவர்களுக்குக் கைத்தடி கொடுத்தார்கள். திருமலை அமைந்த சேஷாசலம் மலைக்காடு 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். செம்மரமும் சிறுத்தையும் அங்கே குடியிருப்பவை, நாம்தான் விருந்தாளி.

காட்சிக்காக என்றால் பாட்டியின் தேர்வே கெட்டிக்காரத்தனம். பஸ் ஏறுவது ஒரு பாதை, இறங்குவது 1944-இல் திறந்த பழைய பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் திருப்பதி நகரம் தட்டில் பரப்பியதுபோல் கீழே விரியும்.

பேரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து சேர்வதற்குள், லட்டு கவுண்டரில் கூட்டம் எப்படி என்று பாட்டி விசாரித்து முடித்திருந்தார்.