அப்புச்சி கட்டிய நீர்மூழ்கி

நீர்மூழ்கிக் கப்பலுக்கும் நம் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. புது முட்டை தண்ணீரில் மூழ்கும், நாள்பட்ட முட்டை மிதக்கும். இரண்டும் ஒரே பருமன்தான். நாளாக ஆக உள்ளே ஈரம் வற்றிக் காற்று சேருவதால் எடை குறைகிறது. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரைவிடக் கனமாக இருந்தால் மூழ்கும். லேசாக இருந்தால் மிதக்கும். இரண்டும் சரிசமமாக இருந்தால் நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கும். அந்த நடுவில் நிற்கிற வித்தையைப் பழகத்தான் எங்கள் வீட்டில் எட்டு மாசம் பிடித்தது.

எங்களுக்குக் கோயமுத்தூர். என் வீட்டுக்காரர் ஒரு நூற்பாலையில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். எந்த மிஷினாக இருந்தாலும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் ஒரு விடியற்காலையில் வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை தொய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். (இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முகம் கோணினாலும், கை தொய்ந்தாலும், பேச்சு குழறினாலும் கஷாயம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். யாருக்கு அது ஒத்துவரும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.)

உயிர் பிழைத்தார். நடையும் வந்துவிட்டது. கை மட்டும் திரும்பவில்லை. ரப்பர் பந்தை அமுக்குங்கள், பயறு பொறுக்கிப் போடுங்கள் என்று பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்து போவாள். அவள் இருக்கிறவரை செய்வார். போனதும் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கும். "நான் என்ன சின்னப் புள்ளையா, பந்து வெச்சு வெளையாட?" என்பார். யாராவது வந்தால் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார், இல்லாவிட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். சட்டைப் பித்தானை நான் போட்டுவிடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகள் வயிற்றுப் பேரன், ஒன்பதாவது படிக்கிறவன், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் விசாகப்பட்டினம் போய் வந்தான். அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் 'குர்சுரா' என்ற நிஜ நீர்மூழ்கியையே கரையேற்றி 2002லிருந்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 91 மீட்டர் நீளம். 1969ல் கடற்படையில் சேர்ந்து 2001ல் ஓய்வு பெற்றதாம். பேரன் சொல்லச் சொல்ல இவர் விரல்விட்டு எண்ணினார். "31 வருஷம். என்னையாட்டமே உழைச்சுப்போட்டுக் கரையேறிருச்சு" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவராகப் பேசிய பேச்சு அது.

"ஏனுங்க அப்புச்சி, ரேடியோவுல ஓடற மாதிரி சின்னதா ஒண்ணு நாமளே செய்யலாங்களா?" என்றான் பேரன்.

"அதென்ன கம்பசூத்திரமா? கொண்டா பாக்கலாம்" என்றார்.

முதல் நாள் பாடம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நடந்தது. மருந்து சொட்டுவிடுகிற கண்ணாடிக் குழலில் பாதி தண்ணீர் எடுத்து, பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, குழலை உள்ளே போட்டு மூடினார்கள். பாட்டிலை அமுக்கினால் குழலுக்குள் காற்று சுருங்கித் தண்ணீர் ஏறுகிறது, குழல் மூழ்குகிறது. கையை எடுத்தால் மேலே வருகிறது. பாட்டிலை வலது கையால்தான் அமுக்க வேண்டும் என்பது பேரன் போட்ட சட்டம். ரப்பர் பந்தைத் தொடாத மனுஷர் அன்றைக்கு நாற்பது தடவையாவது பாட்டிலை அமுக்கியிருப்பார்!

அப்புறம் கணக்கு. மோட்டாரும் பேட்டரியும் நனையாமல் இருக்க ஒரு அக்ரிலிக் குழாய் வாங்கினோம். 9 சென்டிமீட்டர் விட்டம், 40 சென்டிமீட்டர் நீளம். அது விலக்குகிற தண்ணீர் சுமார் இரண்டரை லிட்டர். ஆகவே உள்ளே இருக்கிற சாமான், குழாய் எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோ வராமல் அது முங்காது. என் சமையலறைத் தராசு பட்டறைக்குக் குடிபோனது. குறைந்த எடைக்கு நட்டும் போல்ட்டும் போட்டார்கள். தூண்டில் ஈயக்குண்டும் வைக்கலாம். ஆனால் ஈயத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை மறக்கக்கூடாது.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்பது அடியில் கனம் இருப்பதால்தானே? அதே மாதிரி கனமெல்லாம் அடிவயிற்றில், தெர்மோகோல் துண்டுகள் முதுகுப் பக்கம். இல்லாவிட்டால் கப்பல் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

தண்ணீர் புகாமல் அடைப்பதில் எனக்கும் பங்கு உண்டு. குழாயின் இரண்டு மூடியிலும் ரப்பர் வளையம் வேண்டும். குக்கர் காஸ்கெட் வேலைதான். அழுக்கோ வெடிப்போ இருந்தால் காலை வாரிவிடும். இயற்கை ரப்பராக இருந்தால் வாசலின் தடவக்கூடாது, ஊதிப்போகும். சிலிகான் கிரீஸ் நல்லது. வளையமே சிலிகானாக இருந்தால் அதுவும் ஆகாது. விசிறித் தண்டு வெளியே வருகிற இடத்துக்கு ஆயில் சீல். அதை இவரே பழைய சாமான் கடையில் தேடி எடுத்தார். மோட்டார் பேட்டரி எதுவும் வைக்காமல், உள்ளே காய்ந்த காகிதத்தை மட்டும் போட்டு ஒரு ராத்திரி முழுக்க வாளியில் அமுக்கி வைத்தோம். காலையில் காகிதத்தில் ஓர் ஓரம் ஈரம். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற மாதிரி குழாய்க்குள் காற்றை ஊதி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து அடைத்தார்.

ஆரம்பிக்கிறவர்கள் முதலில் ஒரு சுலப வழியைப் பிடிப்பது நல்லது. கப்பலை ஒரு பொட்டு லேசாகவே வைத்துவிட வேண்டும். ஓடும்போது பக்கத்துத் துடுப்புகளைச் சாய்த்தால் ஓட்டத்தின் வேகமே அதைக் கீழே தள்ளும். மோட்டார் நின்றால் தானாக மேலே வந்துவிடும். தொலைந்துபோகிற பயம் இல்லை. அது பழகின பிறகுதான் நின்ற இடத்திலேயே மூழ்குகிற ஏற்பாடு. அதற்குத் தேவைப்பட்டது 60 மில்லி ஊசிக்குழல். ஆஸ்பத்திரிச் சாமானாகவே அதைப் பார்த்துப் பழகிய எனக்கு அது வேறு பொருளாகத் தெரிந்தது. மரை போட்ட கம்பியைச் சின்ன மோட்டார் சுற்ற, பிஸ்டன் பின்னால் போய் 60 மில்லி தண்ணீரை உறிஞ்சும். கப்பல் 60 கிராம் கனத்துக் கீழே போகும். திருப்பிச் சுற்றினால் தண்ணீர் வெளியேறும், கப்பல் மேலே வரும். வெளிக்கூட்டில் தண்ணீர் தாராளமாகப் போய்வர ஓட்டை விட்டிருந்ததால் அந்த 60 கிராமே போதுமாக இருந்தது.

அந்தக் கம்பியைப் பிடிக்கிற திருகாணிகள் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. முதல் திருகாணியை மாட்ட அவருக்கு இருபது நிமிஷம் ஆனது. விழும், பொறுக்குவார், மறுபடியும் விழும். பேரன் கையை நீட்டினான். நான் கண்ணைக் காட்டினேன். எனக்கும் கை பரபரத்தது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாட்டிவிட்டு, "நாலுல ஒண்ணு ஆச்சு" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். கையை மூட அந்தத் துண்டு வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை!

ரேடியோ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போது கடையில் கிடைக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் ஆகாயத்தில் பிரமாதமாக வேலை செய்யும். தண்ணீருக்குள் கொஞ்சம் போனதுமே அலை செத்துவிடும். அதனால் பழைய 40 மெகாஹெர்ட்ஸ் செட் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அது நல்ல தண்ணீரில் ஆளுயர ஆழம் வரை எட்டுகிறது. கடல் தண்ணீரில் பலிக்காது. உப்புக் கூடின போர்த் தண்ணீரிலும் குறையும். ரேடியோ தொடர்பு அறுந்தால் ஊசிக்குழல் தானாகத் தண்ணீரை வெளியேற்றும்படியும் ஏற்பாடு செய்துவிட வேண்டும். லித்தியம் பேட்டரி நனைந்தால் தீப்பிடிக்கலாம் என்பதால் நாங்கள் நிக்கல் பேட்டரிதான் போட்டோம். தொட்டிப் பக்கம் பிள்ளைகளைத் தனியே விடவும் கூடாது.

தை மாசம் பொள்ளாச்சிப் பக்கம் என் தம்பி தோட்டத்துத் தொட்டியில் விட்டோம். கன்ட்ரோலை இவர்தான் பிடித்தார், வலது கட்டைவிரலால். கப்பல் மூக்கை ஆட்டிக்கொண்டு போய், இரண்டடி ஆழத்தில் இறங்கி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது. யாரும் பேசவில்லை. தம்பிதான், "மச்சான், மேல வருமுங்களா?" என்றான். "வரச் சொன்னா வரும்" என்று விரலைத் தள்ளினார். வந்தது.

கை முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பயிற்சி கொடுக்கிற பெண், "செய்யச் செய்யத்தான் வரும், விட்டுடாதீங்க" என்கிறாள். பித்தான் ஐந்தில் மூன்றை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். மேலே இரண்டு என் பொறுப்பு. அதை நான் போடும்போது, ஆயில் சீல் இன்னொன்று வாங்கணும் என்று என் முகத்தைப் பார்த்தே சொல்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சும்மா உட்கார்ந்துவிட்ட ஒரு கை இருந்தால், அது முன்னே என்ன வேலை செய்த கை என்று யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அதைச் சேர்ந்த ஒரு சின்னச் சாமானை எதிரே வையுங்கள். நீர்மூழ்கிதான் வேண்டும் என்றால், ஒரு பாட்டிலும் ஒரு சொட்டுக் குழலும் போதும், இன்று சாயந்திரமே ஆரம்பிக்கலாம்.