அரளியும் செடிதான்

"மாமா, கஞ்சா செடிதானே? சாமியாருங்களே குடிக்கிறாங்க. என்ன ஆகிடப்போகுது?" பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மகன் கேட்டான். பதினொன்றாம் வகுப்பு. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால்தான் அவனுக்குத் துணிச்சல் வந்தது.

"அரளியும் செடிதான்டா" என்றேன். சிரித்தான். பிறகுதான் பேச முடிந்தது.

"ஒரு தடவை இழுத்தாலே பைத்தியம் பிடிச்சிடும்" என்று மிரட்டினால் இவர்கள் நம்புவதில்லை. இழுத்துவிட்டு மறுநாள் வகுப்பில் வந்து உட்காரும் நண்பனைத்தான் பார்க்கிறார்களே! நாம் மிகைப்படுத்தும் ஒரு வார்த்தை, சொல்லும் உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதனால் உள்ளதைச் சொன்னேன். மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்கிறது. யோசித்து முடிவெடுக்கும் முன்பகுதி கடைசியில்தான் முதிர்கிறது. கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் அந்த வளர்ச்சியில் கைவைக்கிறது. கவனமும் ஞாபகமும் தடுமாறும். பதின்வயதில் தொடங்குபவர்களில் சுமார் ஆறு பேருக்கு ஒருவர் அதற்கு அடிமையாகிறார். சட்டமும் சும்மா விடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, சிறிய அளவு வைத்திருந்தாலே ஓராண்டுவரை சிறை உண்டு.

ஆனால் அவனிடம் சொல்லியே ஆக வேண்டியது வேறொன்று. அவனுடைய பெரியப்பா பல வருடங்களாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பிள்ளைகளிடம் "நரம்புத் தளர்ச்சி" என்றே சொல்லிவைத்திருந்தார்கள். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், இதெல்லாம் வந்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கஞ்சாவால் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சம்பந்தம் பேசும்போது மறைப்பதுபோல, பெற்ற பிள்ளையிடமும் இதை மறைப்பது கொடுமை. அக்காவிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் உடைத்துச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எங்க கிளாஸ்ல ஒருத்தன்..." என்று ஆரம்பித்தான். பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பான்.

பிள்ளையின் பையில் பொட்டலம் கிடைத்தால் கை ஓங்காதீர்கள், வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். எப்போதிலிருந்து, யாரோடு, எதற்காக என்று பொறுமையாகக் கேளுங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446க்குப் பேசுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் அது, கட்டணம் கிடையாது.