ஸ்டெப்னி செஞ்ச வேலை

மச்சானோட செகண்ட் ஹேண்ட் கார். முன் வீல் பஞ்சர். ஸ்டெப்னிய மாட்டிட்டுக் கிளம்பினோம்.

காஞ்சு கிடக்குற பைபாஸ் ரோடு.
டாஷ்போர்டுல கார் சறுக்குற மாதிரி ஒரு மஞ்சள் லைட்டு, மினுக் மினுக்னு.
ஆக்சிலரேட்டர அழுத்தினா வண்டி இழுக்கவே மாட்டேங்குது.

"இஞ்சின் போச்சு மாமா"ன்னான்.

போகல. மத்த மூணு டயரும் 185/65 ஆர்15. ஸ்டெப்னி மட்டும் 175/65 ஆர்14. எந்த வண்டியோடதோ!

பெருசோட விட்டம் சுமார் 621 மி.மீ. சின்னது 583. கிலோமீட்டருக்கு அது 512 சுத்து சுத்தினா, இது 546.
(கணக்குல பார்டர் பாஸான நான், ரோட்டோரம் நின்னு டூ பை ஆர் போட்டேன். கேட்க ஆளில்ல.)

ஒவ்வொரு வீல்லயும் வேகம் பாக்குற சென்சார் இருக்கு. டயர் சைஸெல்லாம் அதுக்குத் தெரியாது. சுத்துற வேகம் மட்டும்தான். ஒரு வீல் மட்டும் வேகமா சுத்துனா, "பிடிப்பு இல்லாம வழுக்குது"ன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடும். உடனே இஞ்சின் பவரக் குறைக்கும், அந்த வீலுக்கு பிரேக்கும் போடும்.

பாவம், அந்த வீல் மேல தப்பில்ல. வகுப்புல ஓரமா உக்காந்தவன வாத்தியார் சந்தேகப்படுற கதைதான்.

இதுல ஒரு வேடிக்கை. 195/55 ஆர்16 டயருக்கு 185/65 ஆர்15 ஸ்டெப்னி போட்டா விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரிம் சைஸ் மட்டும் பாத்து ஏமாறக் கூடாது.

ஆமா, உங்க டிக்கில கிடக்குற ஸ்டெப்னி என்ன சைஸ்? பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்களேன்.